பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 - ஜூலை 8, 2003) தொழுநோயால் முடங்கிய கைகளையும், ஆறாப் புண் கண்ட கால்களையும் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர். இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயாளியின் தசை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் நேரும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பதை வேலூரில் தம் பணியின் மூலம் நிறுவியவர்.

இளமை

இவரது பெற்றோர் ஜெசி பிராண்ட், ஈவ்லின் இணையர் கிறித்தவ சமயப் பணியாளர்கள். சமவெளியிலிருந்து கால்நடையாகவோ டோலியிலோ மட்டுமே ஏறக்கூடியதாக இருந்த கொல்லிமலையில் மருத்துவமும் கல்வியும் அளித்து வந்தனர். ஒருமுறை தொழுநோய் கண்ட சிலர் இவர்களது வீட்டுக்கு வந்தனர். தந்தை கையுறை அணிந்து அவர்களின் கால் புண்களைக் கழுவிக் கட்டினார். பிள்ளைகள் அருகில் செல்லக்கூடாது என்று தடுக்கப்பட்டனர். அந்நாளில் அந்நோய் குறித்து மருத்துவம் அறிந்தோரிடமும் இருந்த அச்சத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1923இல் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட பிராண்ட் தந்தையை மீண்டும் காணவில்லை. ஜெசி 1929இல் மலைக்காய்ச்சலின் கடுமையால் கொல்லிமலையிலேயே இறந்தார். பிராண்ட் முதலில் கற்றது கட்டடத் தொழிலும் தச்சுவேலையும் ஆகும். அதன் பின்னரே இலண்டனில் மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் காயமுற்றோரிடையே அறுவை மருத்துவராகத் தேர்ந்தார். 1943இல் உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை மணந்தார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளிகளின் கண் மருத்துவத்தில் பெயர் பெற்றார்.

வேலூர்

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை மருத்துவர் ராபர்ட் காக்ரேனுடன் சுற்றிப் பார்த்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். பிடி இரும்பாக இருந்தது. அப்படியானால் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலுக்கு இணைக்கலாம் என்று எண்ணினார். தசைநாண் மாற்று அறுவைகளை 1948 முதல் செய்யத் தொடங்கினார்.

ஆனால் அறுவைக்கு முன் புண் ஆற வேண்டும். தொழுநோயாளியின் புண் ஆறவே ஆறாது என்பது அன்றைய பொதுக் கருத்து. உண்மையில் அது மற்றவர் புண்ணைப் போன்றே ஆறக்கூடியது. வலி தெரியாமல் அதன் மீதே நடந்துகொண்டிருந்ததால்தான் ஆறவில்லை. எனவே இறந்த திசுவையும் எலும்புச் சில்லுகளையும் நீக்கி, காலின் வடிவத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு இடப்பட்டது. உடலின் எடை உள்ளங்கால் முழுவதும் பரவியதால் புண் ஓய்வு பெற்றது. பல வாரங்களில் ஆறியது. மருந்தைவிடக் கட்டே பெரிது என்று சொல்லலாம். அதன்பின் விறைத்த மூட்டுகள் பயிற்சியால் தளர்த்தப்பட்ட பிறகே கத்தி எடுக்கப்பட்டது. அறுவைக்குப் பின், இடம் மாற்றப்பட்ட தசையைப் புதிய வேலைக்குப் பழக்கவும் பல வாரங்கள் தேவைப்பட்டன.

விடுதியில் இரவில் சிலரது விரல்கள் குறைந்து வந்ததன் காரணம் நெடுநாள் புலப்படவில்லை. கண்காணித்தபோது எலிகள் கடிப்பது தெரிந்தது. உறங்கியவர் விழிக்கவே இல்லை. பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

கை நேரானதும் சிக்கல் தீரவில்லை. மடங்கிய கைக்குக் கிடைத்த பிச்சை நேரான கைக்குக் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தவர்களும் உண்டு. இதனால் தொடங்கப்பட்ட நவஜீவ நிலையத்தில் தச்சுவேலை முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பிராண்ட் இளமையில் கற்ற தொழில் இங்கு உதவியது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் இப்பணியைத் தொடர்ந்தது. காலணியில் மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் அடித்தட்டு பயன்படுத்தப்பட்டதும் இக்காலத்தில்தான்.

ஒருமுறை இலண்டனில் தம் குதிகாலில் ஊசி குத்தியும் உணர்வு இல்லாததைக் கண்டு, தமக்கும் நோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் தவித்தார். காலையில் மீண்டும் குத்தியபோது வலித்தது. நீண்ட பயணத்தில் அமர்ந்திருந்ததால் நேர்ந்த மரமரப்பு அது. வலியை ஒரு கொடையாகக் கருதும் இவரது பிற்கால எழுத்துகளில் இந்நிகழ்ச்சிக்கு முக்கிய இடமுண்டு.

அமெரிக்கா

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். ஒரே பலத்த அடியைவிட, ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழும் மிதமான அழுத்தமே திசுவை வீங்கவைத்து உடைக்கிறது என்பதை அங்கு செய்த ஆய்வுகள் காட்டின. சிவந்து சூடேறிய இடமே வரவிருக்கும் புண்ணின் அறிகுறி. நீரிழிவால் உணர்விழந்த கால்களுக்கும் இது அப்படியே பொருந்தியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோய்க்குப் பயன்பட்ட மாவுக்கட்டு, நீரிழிவுப் புண் மருத்துவத்தில் இன்றும் முதன்மை முறைகளுள் ஒன்றாக விளங்குகிறது.

லாஸ்கர் விருது (1960) இவருக்கு வழங்கப்பட்டது. கையின் இயக்கவியல் பற்றிய மருத்துவ நூலை எழுதினார். பிலிப் யான்சியுடன் இணைந்து, வலியைப் பற்றிய நூல் உட்படச் சில நூல்களைப் படைத்தார்.

மகன் வேலூரில் புகழ்பெற்ற பின்னரும் தாய் ஈவ்லின், முதுமையில் கொல்லிமலையிலும் அண்டை மலைகளிலும் பணியாற்றி 1974இல் மறைந்தார். கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். பால் பிராண்ட் சியாட்டில் நகரில், 89ஆம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் காலமானார்.