டெக்னாலஜினா சென்னைக்குத்தான் போகணுமா? சேலத்திலேயே ஸ்டுடியோ கட்டிய மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தின் கதை

டைப் பண்ணினா வீடியோவே எடுத்துக் கொடுக்கும் ஒரு புது ஏ.ஐ. டூல் வந்திருக்குன்னு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் விழுகிறது. அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன நடக்கும்னு நமக்கே தெரியும். இனி கேமராமேன் வேலையெல்லாம் காலி என்பார் ஒருவர். ரெண்டு மாசத்தில் இதுவும் காணாமல் போயிடும் என்பார் இன்னொருவர். மூணாவது ஆள் கொஞ்சம் பெருமூச்சோடு வருவார்: இதெல்லாம் பெங்களூரு, சென்னையில் இருக்கிறவங்களுக்கு, நம்ம ஊரில் உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்ண முடியும்?

முதல் ரெண்டு பேர் சண்டையை விட்டுவிடலாம். மூணாவது ஆளின் கேள்விக்கு சேலத்தில் ஒரு பழைய பதில் இருக்கிறது.

அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறி சேலம் டவுனுக்கு வந்து, அங்கிருந்து ஏற்காடு ரோட்டைப் பிடித்தால் வழியில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்பதைப் பார்க்கலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற ஸ்டுடியோவில் இன்று மிச்சம் இருப்பது இந்த வளைவுதான். பலர் இதன் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு மலை ஏறிவிடுகிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு காலத்தில் 100க்கும் மேற்பட்ட படங்கள் உருவாகின. அதைக் கட்டியவர் டி.ஆர்.சுந்தரம்.

நூல் வியாபாரக் குடும்பத்துப் பையன்

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் பிறந்தது 1907 ஜூலை 16. நூல் வியாபாரம் செய்த வசதியான குடும்பம். சேலம், திருச்செங்கோடு பக்கம் தறிச் சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. அந்தக் குடும்பத்துப் பையன் மேல்படிப்புக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனார். படித்தது நெசவுத் தொழில்நுட்பம். நியாயமாகப் பார்த்தால் ஊர் திரும்பி ஒரு மில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் திரும்பிய நேரத்தில் ஊரே பேசிக்கொண்டிருந்தது வேறு ஒரு டெக்னாலஜியைப் பற்றி. சினிமா பேச ஆரம்பித்திருந்தது. 1931 அக்டோபர் 31ல் 'காளிதாஸ்' வெளியாகி, திரையில் தமிழ் கேட்டது. அதை எடுத்த இடம் பம்பாய். அப்போது தென்னிந்தியாவில் பேசும் படம் எடுக்க ஸ்டுடியோ கிடையாது. நடிகர்கள், பாடகர்கள், வாத்தியக்காரர்கள் என்று ஒரு பட்டாளமே ரயில் ஏறி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போய், வாரக்கணக்கில் தங்கி, படத்தை முடித்துக்கொண்டு திரும்பும். சாப்பாட்டுச் செலவு, வாடகைச் செலவு, மொழி தெரியாத டெக்னீஷியன்களோடு மல்லுக்கட்டு எல்லாம் இலவச இணைப்பு.

சேலத்தில் இயங்கிய ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராகச் சேர்ந்த சுந்தரம் இந்த வேலையை நேரில் பார்த்தார். காசு நம்முடையது, கதை நம்முடையது, ஆள் நம் ஆள். ஆனால் மெஷினும் அதை ஓட்டத் தெரிந்தவரும் இன்னொரு ஊரில். இன்றைய பாஷையில் சொன்னால், சர்வர் எங்கேயோ இருக்கிறது, நாம் மாத வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சேலத்திலேயே ஏன்?

1930களின் நடுவில் சென்னையில் ஸ்டுடியோக்கள் வர ஆரம்பித்துவிட்டன. அங்கே போய் வாடகைக்கு எடுப்பது ஈஸியான வழி. சுந்தரம் 1935ல் சேலத்திலேயே, ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். 1937ல் முதல் படம் 'சதி அகல்யா' வெளியானது. இயக்கியவரும் அவரே.

மெஷினை விலைக்கு வாங்குவது பணம் இருப்பவருக்குப் பெரிய விஷயமில்லை. அதைத் தினமும் ஓட்ட வைப்பதுதான் கஷ்டம். ஆரம்பத்தில் ஜெர்மானிய ஒளிப்பதிவாளரைக் கூட்டி வந்தார். வேலை ஓட ஓட உள்ளூர் ஆட்கள் தொழிலைப் பழகினார்கள்.

அங்கே நடிகர்கள், எழுத்தாளர்கள், டெக்னீஷியன்கள் என்று பலருக்கு மாதச் சம்பளம். எல்லாருக்கும் அவர் முதலாளி. நேரத்துக்கு வர வேண்டும், சொன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும், சொன்ன சம்பளம் கைக்கு வரும். ஒரு மில் எப்படி ஷிப்ட் கணக்கில் ஓடுமோ அப்படி ஒரு சினிமா கம்பெனி. லீட்ஸ் படிப்பு வீணாகவில்லை.

இந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் சுகமாக இருந்திருக்காது. எல்லா முடிவும் ஒரே மேஜையில் எடுக்கப்படும் இடம் அது. ஆனால் படங்கள் தொடர்ந்து வந்தன. ஒரு படம் ஊத்திக்கொண்டாலும் அடுத்த படத்தின் செட் தயாராக இருக்கும்.

மலையாளம் பேசியது இங்கேதான்

பக்கத்து மாநிலத்துக் கதையையும் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். மலையாளத்தின் முதல் படமான மௌனப்படம் 'விகதகுமாரனை' எடுத்தவர் ஜே.சி.டேனியல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். சொந்த நிலத்தை விற்று, தனி ஆளாகப் போராடி எடுத்தார். படம் அவரைக் கைவிட்டது. முதல் ஆளாக வந்தவருக்குக் கிடைத்தது நஷ்டம்.

மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938 ஜனவரியில் வந்தது. அதைத் தயாரித்தவர் சுந்தரம், இயக்கியவர் எஸ்.நொட்டாணி. கேரளத்தில் அப்போது அதற்கான ஸ்டுடியோ இல்லை. நடிகர்கள் சேலத்துக்கு வந்தார்கள். மூணு, நாலு வருஷத்துக்கு முன்னால் சேலத்துக்காரர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள்.

டேனியலிடம் தைரியம் குறைவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோவும், சம்பளம் வாங்கும் பழகிய கைகளும், அடுத்த படத்துக்கான பணமும் இல்லை. அந்த மூன்றையும் சுந்தரம் முதலில் கட்டிவிட்டு, பிறகு புது விஷயத்தில் கை வைத்தார்.

ஒரே ஃபிரேமில் இரண்டு சின்னப்பா

1940ல் வந்த 'உத்தமபுத்திரன்' தமிழின் முதல் இரட்டை வேடப் படமாகச் சொல்லப்படுகிறது. ஹீரோ பி.யு.சின்னப்பா, இயக்கம் சுந்தரம். இன்று மொபைல் ஆப்பில் ரெண்டு நிமிஷத்தில் செய்துவிடுகிற வேலைதான். அன்றைக்கு கம்ப்யூட்டர் கிடையாது. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து நடிகரை ஒரு பக்கம் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டும். பிறகு அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, வேஷம் மாற்றிய அதே நடிகரை மறுபக்கம் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். இதுதான் அந்தக் காலத்தின் பொதுவான வழி. நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் காட்சி போச்சு. எடுத்தது சரியா என்று பிலிம் லேபிலிருந்து வரும்வரை தெரியாது. லேப் அதே காம்பவுண்டில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று இப்போது புரிகிறதா?

அடுத்து இரண்டாம் உலகப் போரின் நெருக்கடி வந்தது. பிலிம் இறக்குமதி சுருங்கியது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு வைத்தது. பேசும் படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும் என்பதால், கணக்குப் போட்டால் சுமார் இரண்டு மணி நேரம். நாலு மணி நேரம் பாட்டாகவே ஓடிய சினிமா, கதையைச் சுருக்கமாகச் சொல்லப் பழக வேண்டியதாயிற்று. அந்தச் சூழலில் சுந்தரம் போரையே கதையாக்கி 1945ல் 'பர்மா ராணி' எடுத்தார். அதில் ஜப்பானிய அதிகாரியாக நடித்ததும் அவரேதான்.

எழுத்தாளர்களின் ஊர்

மெஷினுக்கு இணையாக அவர் செலவு செய்த இன்னொரு இடம் எழுத்து. 1950ல் 'மந்திரி குமாரி' வந்தது. வசனம் மு.கருணாநிதி, ஹீரோ எம்.ஜி.ஆர். அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கனும் சுந்தரமும் இயக்குநர்கள். கவிஞர் கண்ணதாசனும் மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்தவர். 1952ல் டங்கனோடு சேர்ந்து 'ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தில் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுத் தயாரிப்பும் நடந்தது. பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்டவர்களில் இருவர் இந்த ஸ்டுடியோவில் சம்பளம் வாங்கியவர்கள் என்பது சேலத்துக்காரர்கள் இன்றும் சந்தர்ப்பம் கிடைத்தால் சொல்லிக்காட்டும் விஷயம்.

கலர் வந்த பொங்கல்

1956 பொங்கலுக்கு 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ரிலீஸ். எம்.ஜி.ஆர்., பானுமதி ஜோடி. முழு நீளத்துக்கும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம். அதற்கு முன் சில படங்களில் ஒன்றிரண்டு காட்சிகள் மட்டும் வண்ணத்தில் வந்ததுண்டு. இதில் பயன்பட்டது கேவாகலர், பெல்ஜியத்தின் கேவர்ட் கம்பெனி தயாரித்த பிலிம்.

கலர் என்றால் பிலிமை மட்டும் மாற்றினால் போதாது. அந்தக் காலக் கலர் பிலிமுக்குக் கறுப்பு வெள்ளையைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். விளக்கு கூடினால் சூடு கூடும், மேக்கப் உருகும். சாம்பல் நிறத்தில் நன்றாகத் தெரிந்த துணி கலரில் வேறு மாதிரி அடிக்கும். செட், உடை, மேக்கப் மூன்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். தினமும் ஒன்றாக வேலை செய்து பழகிய டீம் இருந்ததால் அது சாத்தியமானது.

1961ல் மலையாளத்தின் முதல் கலர் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' வந்தது. தயாரித்து இயக்கியவர் சுந்தரம். ஒரு மொழியின் முதல் பேச்சும் முதல் வண்ணமும், 23 வருஷ இடைவெளியில், அந்த மொழி பேசாத ஒரு ஊரின் ஸ்டுடியோவிலிருந்து போயிருக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு?

1963 ஆகஸ்ட் 30ல் சுந்தரம் இறந்தார். வயது 56. மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்தார். அவையும் ஓடின. ஆனால் நட்சத்திரங்களும் லேப்களும் சென்னையில் குவிந்துகொண்டிருந்தன. கேமரா எடை குறைந்து தெருவுக்கு வந்தது. 1977ல் '16 வயதினிலே' மாதிரிப் படங்கள் நிஜக் கிராமத்தையே செட்டாக்கின. கனமான கேமராவுக்கும் சத்தம் புகாத தளத்துக்கும் தேவை இருந்தவரை ஸ்டுடியோ ராஜா. அந்தத் தேவை குறைந்ததும் பெரிய கட்டடம் பெரிய செலவாகிவிட்டது. ஒரு டெக்னாலஜியால் வளர்ந்த இடத்தை அடுத்த டெக்னாலஜி காலி செய்தது.

முதலாளி ஒருவரையே நம்பி இருந்த அமைப்பின் பலவீனமும் இதில் உண்டு. கலர் பிலிம் கடைசிவரை வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஆனால் ஏறக்குறைய மூன்று தலைமுறை நடிகர்கள், டெக்னீஷியன்கள், எழுத்தாளர்கள் அங்கே தொழில் கற்றுக்கொண்டார்கள். வளைவு மட்டும் மிஞ்சினாலும், அவர்கள் கற்றது தென்னிந்திய சினிமா முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

இன்று சேலம் கருப்பூரில் மினி டைடல் பார்க் வந்துவிட்டது. அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டிலிருந்தே சென்னை கம்பெனிக்கு லாகின் செய்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த தடவை குரூப்பில் ஒரு ஏ.ஐ. லிங்க் விழும்போது, இது உலகத்தை மாற்றுமா, மாற்றாதா என்று சண்டை போடுவதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம். இதைத் தினமும் இயக்கக் கற்றுக்கொள்ளப் போகிறவர் யார், அவருக்கு மாசம் பிறந்தால் சம்பளம் எந்த ஊரிலிருந்து வரும்? சுந்தரம் 1935ல் கையில் எடுத்தது இந்தக் கேள்வியைத்தான்.