கார்ட்டூனில் வராத தெனாலிராமன்



தெனாலிராமன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? குடுமி, பூனை, சூடான பால். அவ்வளவுதான்! 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அவர் கதை தொடராகவே வந்தது. திருவனந்தபுரம் டூன்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. இப்போ செல்லில் தேடினால் எத்தனையோ தெனாலி கார்ட்டூன் கிடைக்குது. அதில் ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

அரண்மனை விருந்தில் தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் வச்சிருந்தாங்க. ரெண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கடல் கடந்து வந்து நம்ம சமையலில் சேர்ந்தது அதற்கு ரொம்ப காலம் கழித்துத்தான். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கிறதைப் பார்க்கிற நமக்கு இதை நம்பவே முடியாது. அப்புறம் ராஜா முகம். கார்ட்டூனில் வழவழன்னு இருந்தது. விஜயநகரத்துக்கு நேரில் வந்த பயஸ் என்ற போர்ச்சுக்கீசியர், கிருஷ்ணதேவராயர் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். ராஜா விடியும் முன்பே நல்லெண்ணெய் குடித்துவிட்டு மல்யுத்தம் பழகுவாராம்!

சரி, நம்ம ஆள் கதைக்கு வருவோம். தெனாலி என்பது ஆந்திராவில் குண்டூர் மாவட்டத்து ஊர். அப்பா சீக்கிரமே இறந்துபோக, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார் என்று சொல்வார்கள். காளி இரண்டு கிண்ணம் நீட்டியதும், இவர் பாலையும் தயிரையும் சேர்த்துக் குடித்ததும் கதை. அதனால்தான் விகடகவி ஆனாராம். இந்தச் சொல்லைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள், அப்பவும் விகடகவிதான்!

கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். அவர் சபையின் எட்டுப் பெரும் கவிஞர்களில் தெனாலிராமனும் ஒருவர் என்பது வழிவழியாக வரும் பேச்சு. இல்லை, அவர் பிந்திய காலத்தவர் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எந்தச் சபையாக இருந்தாலும் சரி, அவர் கோமாளி வேலை பார்க்க வந்தவர் அல்ல, தெலுங்கில் பெரிய பெரிய காவியம் எழுதியவர். முதலில் ராமலிங்கம் என்ற பெயரில் உத்படாராத்ய சரித்திரம் என்ற சைவ நூலை எழுதினார். பிறகு வைணவராகி ராமகிருஷ்ணன் ஆனார் என்கிறார்கள். பாண்டுரங்க மாகாத்மியம்தான் அவருடைய பெரிய நூல். அது மகாராஷ்டிராவில் இருக்கும் பண்டரிபுரத்தின் பெருமையைச் சொல்வது.

இன்னொரு நூல் கடிகாசல மாகாத்மியம். கடிகாசலம் எங்கே இருக்கு தெரியுமா? நம்ம ராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கர் நரசிம்மர் மலைதான்! ராஜாவும் லேசுப்பட்டவர் இல்லை. நம்ம ஆண்டாள் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்ற காவியமாக எழுதியவர் அவர்தான்.

எங்கள் வகுப்பில் சிலர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம், சிலர் வீட்டில் தமிழ் பேசுவோம். தெனாலிராமன் யாருடைய ஆளு என்று ஒரு நாள் சண்டையே வந்துவிட்டது. அவர் எழுதியது தெலுங்கு. விஜயநகரம் இருந்த ஹம்பி இப்போ கர்நாடகாவில் இருக்கு. 1956-ல் வந்த தமிழ்ப் படத்தில் சிவாஜி கணேசன் தெனாலிராமன், என்.டி.ராமராவ் ராஜா. 2014-ல் வடிவேலுவும் தெனாலிராமன் ஆனார். இதில் யாரைக் குறை சொல்வது?

எனக்கு ஒரே வருத்தம்தான். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் பாட்டிக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெலுங்கு எழுத்துத் தெரியாது. அவர் ஜோக் எல்லாம் பாட்டிக்கு மனப்பாடம், கவிதை ஒரு வரிகூடத் தெரியாது. உங்கள் வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்த தாத்தா யாராவது இருந்தால் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். பாண்டுரங்க மாகாத்மியத்தில் நாலு பாட்டாவது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கணும்.