அண்டிரிக் அடிகளார்

ஆம்பூரிலேனும் வாணியம்பாடியிலேனும் தோல் பதனிடும் சாலையொன்றிற் புகுந்து, அங்குள்ளாரிடம் அவர் செய்தொழிலை வினவினால், தோலை உலர்த்திக்கொண்டிருக்கிறேன் என்பர். வினை தொடங்கிற்று, இன்னும் முடிந்திலது என்னும் இருபொருளையும் அவ்வொரு சொல் தருகின்றது. வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை சேர்ந்து இப்பொருளைப் பயக்கின்றது. ஸ்பானியரும் போர்த்துக்கேசியரும் ஏறத்தாழ இவ்வாறே கூறுவர். செய்துகொண்டிருக்கிறேன் என்பது ஸ்பானியத்தில் ‘எஸ்தோய் ஆஸியெந்தோ’. போர்த்துக்கேசியத்தில் ‘எஸ்தோ ஃபஸெந்தோ’. பின்னது எச்சம், முன்னது இருக்கிறேன் எனப் பொருள்படுவது. நம் மொழியில் ஈற்றில் நிற்கும் துணைவினை அவர்மொழியில் முதலில் நிற்கும். வேற்றுமை இதுவே பெரிது.

இத்தகைய தாய்மொழியோடு தமிழகம் போந்து, ஐரோப்பியருள் முதன்முதலாகத் தமிழுக்கு இலக்கணம் வரைந்தவர் அண்டிரிக் அடிகளார் எனப்பெறும் என்றிக்கே என்றிக்கஸ் ஆவர். இவர் 1520-இல் போர்த்துக்கல் நாட்டு வில்லா விசோசா என்னும் ஊரிற் பிறந்தனர். யூதர் மரபினர் என்பதுபற்றி முன்னர்ச் சேர்ந்த துறவியர் சபையினின்றும் விலக்கப்பட்டு, பின்பு இயேசு சபையிற் சேர்ந்து, 1546-இல் கோவா வந்தடைந்தனர்.

முத்துக்குளித்துறையில் இவர்க்கு நேர்ந்த முதலிடர் மொழியே. துபாஷிகளை நம்பியே பேசவேண்டியிருந்தது. அவர்களோ கூறியதைப் பலகால் பிறழ உரைத்தனர். தமிழ் தமக்கு வாராது என்று ஒருகால் நம்பிக்கை இழந்தவர், மனந்தேறி வேறுவழி கண்டனர். இலத்தீன் கற்ற முறையிலேயே வினைகளைக் காலந்தோறும் வகுத்து எழுதி மனனஞ் செய்தனர். சில திங்களுள் துபாஷியின்றி மக்களோடு உரையாடலாயினர். அவ்வாறு எழுதிய குறிப்புக்களே பின்னர்ப் போர்த்துக்கேசிய மொழியில் இலக்கணமாக வளர்ந்தன. புலவர் செய்யுளை விடுத்து, கடற்கரை மாந்தர் வாய்மொழியையே அது விளக்கியது. கையெழுத்துப்படியாக லிஸ்பன் நூலகத்திற் கிடந்த அந்நூல் 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது.

1578-இல் கொல்லத்தில் இவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மொழியெழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்த நூல்களுள் மிகப் பழையது. 1586-இல் ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. ஐம்பதாண்டுக்கு மேல் தமிழரிடையே வாழ்ந்து, 1600-இல் புன்னைக்காயலில் உயிர்நீத்தனர். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றனர்.

நம் பகுதித் தோற்பொருள்கள் ஐரோப்பிய நாடுகட்குச் செல்கின்றன. அந்நாட்டு மொழிகளைக் கற்க முயல்வார் நம்முள்ளும் உளர். வினைத்திரிபுகள் மலைப்பூட்டுங்கால், அன்று கடற்கரையில் எழுதுகோலுந் தாளுமாய் அமர்ந்து, நம் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருந்த அப்பெரியாரை அவர்கள் நினைப்பார்களாக.