பிடி அரிசிப் பள்ளியின் மாணவர்

மேற்குத் தொடர்ச்சி மலை அரண்போலச் சூழ்ந்து நிற்க, அதன் மடியில் பசுமை போர்த்துக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. ஜூன் மாதம் பிறந்ததும் இங்கு இரண்டு கதவுகள் திறக்கும். ஒன்று, பெரியாற்று நீரை நம் பக்கம் திருப்பும் தேக்கடி மதகு. மற்றொன்று, கோடை விடுமுறைக்குப்பின் திறக்கும் பள்ளிக்கூடத்தின் கதவு. அணையில் போதிய நீர் உள்ள ஆண்டுகளில் அந்த மதகின் வழியே பாயும் நீர், பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை வளப்படுத்துகிறது. பள்ளியின் கதவு வழியே செல்லும் சிறுவரும் சிறுமியரும் நாளைய நாட்டை வளப்படுத்த இருப்பவர் ஆவர்.

மதகைத் திறப்பது அரசின் செயல். ஆயினும், வாய்க்காலில் மண் மேடிட்டுக் கிடந்தால் நீர் வயலைச் சென்று அடைவதில்லை. ஆதலின், ஊரார் ஒன்றுகூடித் தத்தம் பங்கிற்கு மண்வெட்டி ஏந்தி, ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் வழக்கம் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு உண்டு. அதனைக் குடிமராமத்து என்பர். கல்விக்கும் இத்தகைய குடிமராமத்து வேண்டும் என்பதை உணர்ந்து, அதனை நாடெங்கும் நடத்திக் காட்டினார் ஒருவர். அவர்தாம் பெருந்தலைவர் காமராசர்.

மதுரைக்குத் தெற்கே, வணிகத்திற்குப் பெயர்பெற்ற விருதுநகர் இருக்கிறது. முன்னாளில் அதற்கு விருதுபட்டி என்று பெயர். அவ்வூரில் 1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகக் காமராசர் பிறந்தார். அவருக்கு நாகம்மாள் என்னும் தங்கை ஒருவர் இருந்தார். தொடக்கத்தில் திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்த காமராசர், பின்னர் ஊரில் இருந்த சத்திரிய வித்தியாசாலையில் சேர்க்கப்பெற்றார்.

அப்பள்ளி நடந்த முறை வியந்து போற்றத்தக்கது. அதனைத் தாங்கி நின்றது ஊராரின் கொடையே. வணிகர்கள் தம் வணிகத்தில் ஒரு சிறு பகுதியை மகமை என்று ஒதுக்கிப் பொதுப் பணிகளுக்கு அளித்தனர். வீட்டுப் பெண்டிரோ, நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே ஒரு கலத்தில் சேர்த்து வைத்தனர். வீடுதோறும் இவ்வாறு சேர்ந்த அரிசியைத் திரட்டி, அதன் வருவாயைப் பள்ளிக்குப் பயன்படுத்தினர். அதனால் அப்பள்ளியைப் பிடி அரிசிப் பள்ளி என்றே மக்கள் வழங்கினர். ஒரு பிடி அரிசி குறைவதால் எந்த வீட்டிலும் பசி வந்துவிடாது. ஆனால் ஊரின் அத்தனை வீடுகளின் பிடி அரிசியும் ஒன்று சேர்ந்தால் ஒரு பள்ளியே எழுந்து நிற்கும். இந்த உண்மையைக் காமராசர் நூலில் படித்து அறியவில்லை. தாம் பயின்ற பள்ளியின் சுவர்களிலேயே கண்டார்.

அப்பள்ளி நாட்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுவது உண்டு. விநாயக சதுர்த்தி விழாவிற்கு மாணவர் எல்லாரும் ஒரே அளவு காசு கொடுத்தனர். விழா முடிந்து பொரியும் கடலையும் வழங்கும்போது, வலிய சிறுவர்கள் முண்டியடித்து முன்னே சென்று மிகுதியாகப் பெற்றனர். முண்டியடிக்க விரும்பாத காமராசருக்குக் கிடைத்தது சிறிதளவே. எல்லாரும் ஒரே காசு கொடுத்திருக்கும்போது, எல்லார்க்கும் ஒரே அளவு கிடைக்கச் செய்வது கொடுப்பவர் கடமை என்னும் எண்ணம் அச்சிறுவர் உள்ளத்தில் அன்றே பதிந்தது.

காமராசரின் ஆறாம் அகவையில் தந்தையார் மறைந்தார். அன்னையார் தம் நகைகளை விற்று, அப்பொருளைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார். ஆயினும் வறுமையின் சுமை நாளுக்கு நாள் கூடியது. வகுப்பறையில் அமர்ந்திருக்கவேண்டிய வயதிலேயே காமராசர் படிப்பை விடுத்து, தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். மாணவர்களே, இதனை ஊன்றி எண்ணிப் பாருங்கள். ஊரிலே பள்ளி இருந்தது. அதனைத் தாங்கும் ஊராரும் இருந்தனர். கற்கும் திறனும் அச்சிறுவருக்கு இருந்தது. இருந்தும் அவரால் படிப்பைத் தொடர இயலவில்லை. பள்ளியைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. வறுமை மாணவனை வெளியே இழுக்கும்போது அவனைப் பிடித்து நிறுத்தும் கையும் வேண்டும். இதனைத் தம் வாழ்விலேயே பட்டு உணர்ந்தவர் அவர்.

1919-ஆம் ஆண்டு பஞ்சாபில் நிகழ்ந்த சாலியன்வாலாபாக் படுகொலை காமராசரை விடுதலைப் போராட்டத்தின்பால் ஈர்த்தது. கடையை விட்டு நாட்டுப்பணியில் இறங்கினார். 1930-ஆம் ஆண்டு வேதாரணிய உப்பு அறப்போரில் கலந்துகொண்டு சிறை புகுந்தார். அதன்பின் பலமுறை சிறைப்பட்டு, மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறைவாழ்வில் கழித்தார். பள்ளியில் விட்ட படிப்பை அவர் சிறையில் தொடர்ந்தார். நாளிதழ்களையும் நூல்களையும் விடாது பயின்றார். திருமணம் செய்துகொள்ளாது தம் வாழ்வு முழுவதையும் நாட்டிற்கே அளித்தார்.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேரே. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாதி நாள் மட்டும் பள்ளியில் பயின்று, மறு பாதியில் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்னும் திட்டம் 1953-இல் புகுத்தப்பட்டிருந்தது. பதவி ஏற்றதும் அத்திட்டத்தைக் கைவிடச் செய்தார். பள்ளி இல்லாத சிற்றூர்களில் புதிய பள்ளிகள் தோன்றின. பிள்ளைகள் நெடுந்தொலைவு நடவாமல் கற்கும் நிலை உருவாயிற்று. கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும், கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவும் இப்பணிகளில் அவருக்குத் துணை நின்றனர்.

பள்ளிகள் திறந்தன, ஆனால் பிள்ளைகள் எல்லாரும் வரவில்லை. ஊர்ப் பயணத்தின்போது மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களைக் கண்டு, பள்ளிக்குச் செல்லாததன் காரணத்தை அவர் வினவியதாகவும், பள்ளிக்குப் போனால் உணவுக்கு வழி ஏது என்று அவர்கள் திருப்பிக் கேட்டதாகவும் கூறுவர். அவர் விருதுநகரில் சிறுவராய் இருந்தபோது எழுந்த வினாவும் அதுவே அன்றோ! அதற்கு விடையாகத் தோன்றியதே பகலுணவுத் திட்டம்.

அத்திட்டத்திற்கு வேண்டிய பொருள் அரசின் கருவூலத்தில் இல்லை என்று தயங்கியோர் பலர். காமராசர் தயங்கவில்லை. முதலில் மக்களிடம் சென்றார். 1955, 1956-ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக மக்கள் தாமே முன்வந்து பகலுணவு அளிக்கத் தொடங்கினர். பணம் உள்ளவர் பணம் தந்தனர். உழவர் நெல்லும் காய்கறியும் தந்தனர். ஒன்றும் இல்லாதோர் விறகு சுமந்து வந்து தந்தனர். மக்கள் காட்டிய இந்த ஆர்வத்தின் பின்னர், 1957-இல் அரசு நிதியுதவி அளிக்க முன்வந்தது. ஓர் உணவிற்கு ஆகும் செலவு 10 காசு எனக் கணக்கிடப்பட்டது. அதில் 6 காசை அரசு ஏற்றது. எஞ்சிய 4 காசை ஊரார் ஏற்றனர். விருதுநகரின் பிடி அரிசியே இங்கு 4 காசாக உருமாறி வந்தது எனலாம்.

பசி தணிந்த பின்னரும் பள்ளிகளில் குறைகள் பல இருந்தன. பல இடங்களில் கூரை ஒழுகியது, கரும்பலகை தேய்ந்திருந்தது, அமரப் பலகை இல்லை, பருக நீர்ப்பானை இல்லை. இவற்றைக் களையப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கப்பெற்றன. முதல் மாநாடு 1958-ஆம் ஆண்டு கடம்பத்தூரில் நடைபெற்றது. ஒரு வட்டாரத்தின் கல்வி அலுவலரும் ஆசிரியரும் பள்ளிதோறும் சென்று, அங்குள்ள குறைகளை ஒன்றுவிடாமல் பட்டியல் இடுவர். அப்பட்டியலை ஊராரின் முன் வைப்பர். ஒருவர் கடிகாரம் தருவதாக ஏற்பார். ஒருவர் நாற்காலி தருவார். சிலர் கூடி ஒரு வகுப்பறை கட்டித்தர இசைவர். பின்னர் மாநாடு கூடும். அந்நாளில் ஊரே விழாக்கோலம் பூணும். பெற்றோர் தம் பிள்ளைகளுடன் திரண்டு வருவர். தந்தவர் பெயரும் தந்த பொருளும் அனைவரும் அறிய அறிவிக்கப்படும். காமராசரே பல மாநாடுகளுக்குச் சென்று மக்களை ஊக்கினார். அதுவரை பள்ளியை அரசின் கட்டடம் என்று எண்ணி ஒதுங்கி நின்றவர்கள், அது தம்முடைய பள்ளி என்று உரிமையோடு உள்ளே நுழைந்தனர்.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. வளமான ஊர் மிகுதியாகக் கொடுக்கும்; வறண்ட ஊர் எவ்வளவு விரும்பினும் கொடுக்க இயலாது. முண்டியடித்தவனுக்கு மிகுதியும் ஒதுங்கி நின்றவனுக்குக் குறைவும் கிடைத்த அந்தப் பள்ளி விழாவை நினைவுகூருங்கள். அதனால்தான் காமராசர் மக்களின் கொடையை அரசின் கடமைக்கு மாற்றாகக் கொள்ளவில்லை, துணையாகவே கொண்டார். அரசின் 6 காசு எல்லா ஊருக்கும் பொதுவாக நின்றது. கட்டணமில்லாக் கல்வி படிப்படியாக உயர்நிலைப் பள்ளி வரை விரிந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வேற்றுமை தோன்றாதிருக்கச் சீருடை வழக்கத்திற்கு வந்தது. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிந்தோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 31 ஆக உயர்ந்திருந்தது.

அந்நாளில் தேனியும் கம்பமும் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகே எழுந்த வைகை அணையை 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் காமராசர் திறந்து வைத்தார். நீரைத் தேக்கி நிலத்திற்கு அனுப்புவதும், அறிவைத் திரட்டிப் பிள்ளைகளுக்கு அளிப்பதும் அவருக்கு இருவேறு பணிகளாகத் தோன்றவில்லை. வயல் விளைந்தால் வீட்டில் உலை கொதிக்கும். உலை கொதித்தால் பிள்ளை பள்ளிக்கு வருவான்.

1963-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், கட்சிப் பணி ஆற்றும் பொருட்டுத் தாமாகவே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். தமக்கெனச் செல்வம் சேர்க்காது வாழ்ந்த அவர், 1975-ஆம் ஆண்டு அதே அக்டோபர் 2-ஆம் நாள் இயற்கை எய்தினார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கிச் சிறப்பித்தது. அவர் பிறந்த நாளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடி வருகின்றன.

அவர் இட்ட விதை பின்னும் வளர்ந்தது. 1982-இல் பகலுணவுத் திட்டம் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்று விதித்தது.

நம் பள்ளத்தாக்கில் விடியுமுன் எழுந்து, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார் பலர். அந்தி சாயும் வேளையில் வீடு திரும்பும் அவர்களுக்குப் பள்ளியின் கூட்டத்திற்கு வர ஓய்வு ஏது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணி அவர்களை விட்டுவிடுதல் கூடாது. விறகு சுமந்து வந்து தந்தவரும் ஊருக்குள் ஏழைகளே. அவர்கள் வரக்கூடிய நாளையும் நேரத்தையும் அறிந்து கூட்டத்தை அமைப்பது பள்ளியின் பொறுப்பு. அதனை நினைவூட்டித் தாயையும் தந்தையையும் அழைத்து வருவது பிள்ளைகளின் பொறுப்பு.

மாணவர்களே, புதிய கல்வியாண்டு தொடங்குகையில் உங்கள் பள்ளியில் இலக்கிய மன்றமும் சாரணர் படையும் பிற மன்றங்களும் கூடும். பெற்றோர் ஆசிரியர் கழகமும் கூடும். தோட்டத்தில் ஒரு செடிக்கு நீர் வார்ப்பதும், எழுதத் தடுமாறும் தோழனுக்குக் கைகொடுப்பதும், படித்து முடித்த நூலை நூலகத்திற்கு அளிப்பதும் உங்களால் இயன்ற பிடி அரிசியே. மதகு திறந்துவிட்டது, நம் பங்கு வாய்க்காலை நாம் செப்பனிடுவோம். பசியால் பள்ளியை விட்ட அச்சிறுவருக்கு நாம் செலுத்தும் நன்றி, நம் வகுப்பில் எவருடைய இடமும் வெறுமையாகாமல் காப்பதே ஆகும்.