பிறவி வேண்டிய பெருமாள்: ஸ்ரீ குலசேகராழ்வார் வைபவம்



பழனி மலைகளின் மேல், கொடைக்கானலில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி மலரும். 2006இலும் 2018இலும் மலர்ந்தது. பூத்து விதையுதிர்த்த செடி பட்டுப்போக, அவ்விதையே மீண்டும் முளைக்கிறது. ஜீவனின் பிறப்பிறப்புக்கு இதனை உவமையாகக் கொள்ளலாம். ஆயினும் முழுதும் பொருந்தாது. குறிஞ்சி குறிஞ்சியாகவே முளைக்கும். ஜீவனோ கர்மத்துக்கேற்ப மரமாகவும் புள்ளாகவும் மன்னனாகவும் பிறக்கும்.

கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒரே பிறவியும் பின்னர் உயிர்த்தெழுதலும் உண்டென்பர். நிலையான ஆத்மாவை ஒப்பாத பௌத்தரும், அதனை ஒப்பும் வைதிகரும் ஜைனரும், பிறவி அறுதலே பேறு என்பதில் உடன்படுவர். அந்தப் பிறவியையே விரும்பிக் கேட்டவர், இம்மலையடிவாரத்தைத் தொட்டுப் பரந்த கொங்குநாட்டுக்கும் கோன் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சேரவேந்தர் ஸ்ரீ குலசேகராழ்வார்.

கௌஸ்துபத்தின் அம்சமாய்த் திருவஞ்சிக்களத்தில், மாசிப் புனர்பூசத்தில் அவதரித்தார். ஸ்ரீராமன் திருநக்ஷத்திரமும் அதுவே. ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பர் சரித்திர ஆசிரியர் பலர். கரனும் பதினாலாயிரம் அரக்கரும் ஒருபுறம், பெருமாள் தனியே ஒருபுறம் என்று ஸ்ரீராமாயணத்தில் கேட்ட மாத்திரத்தில், சேனையைத் திரட்டிப் புறப்பட்டுவிட்டார். கதை எப்போதோ நடந்ததாயிற்றே என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. பாகவதர்களிடம் அவருக்கிருந்த ஈடுபாட்டைப் பொறாத அமைச்சர்கள், திருவாபரணத்தை ஒளித்து வைத்து அவர்கள்மீது களவுப்பழி சுமத்தினர். மன்னர் வாதாடவில்லை. பாம்பிட்ட குடத்தில் கையிட்டு, அவர்கள் குற்றமற்றவர் என்று காட்டினார், பாம்பு தீண்டவில்லை. பின்னர் குமாரனுக்கு முடிசூட்டித் திருவரங்கம் சென்றார்.

நூற்றைந்து பாசுரங்கள் கொண்ட பெருமாள் திருமொழியில், திருவேங்கடத்தைப் பற்றிய பதிகத்தில்தான் அந்த விண்ணப்பம் வருகிறது. முதலில் கோனேரிக் குருகாகப் பிறக்க விரும்பினார். குருகுக்குச் சிறகுண்டு, அகன்று போகக்கூடும்; ஆகவே மலைச்சுனை மீனாக வேண்டினார் என்று பூர்வாசாரியர் விளக்குவர். பிறகு செண்பக மரம், கானாறு, அடியார் நடக்கும் வழி என்று வேண்டி, ஸந்நிதி வாசலில் அடியார் மிதித்தேறும் படியாகி அவன் திருமுகத்தை நோக்கியிருக்க ஆசைப்பட்டார். இறுதியில் அம்மலைமேல் எதுவானாலும் போதும் என்றார். அரசபோகம் முழுதும் துய்த்தவர் கேட்டது இது! மோக்ஷத்தை வெறுத்தார் என்று கொள்ளலாகாது. கைங்கர்யம் தொடருமாயின் பிறவி அவருக்குத் தளையாகத் தோன்றவில்லை. முகுந்தமாலையிலும், பிறவிதோறும் திருவடியில் அசையாத பக்தியையே யாசிக்கிறார்.

அறுபத்தேழு திருநக்ஷத்திரங்கள் எழுந்தருளியிருந்து, அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலில் பரமபதம் எய்தினார் என்பது ஸம்ப்ரதாயம். திருமால் ஸந்நிதிகளில் கர்ப்பக்ருஹ வாசற்படிக்கு இன்றும் குலசேகரப்படி என்றே பெயர். அர்ச்சகர் அதனைக் கடந்தே உட்செல்கிறார். அடியார்கள் அதற்கு இப்பால் நின்று ஸேவிக்கின்றனர்.