புகையை விரட்டிய பிரபு

லண்டனில் குளிர் காலம் கொடியது. அதனால் அக்காலத்தில் வீடுதோறும் சுவரில் கணப்பு அடுப்பு இருந்தது. விறகும் கரியும் ஏராளமாய் எரிந்தன. ஆனால் அறையில் சூடு இல்லை, புகைதான் நிறைந்தது!

அந்தக் குறையைத் தீர்த்தவர், ரம்போர்டு பிரபு.

விவசாயி மகன்

இவரது இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ம் ஆண்டு, அமெரிக்காவில் வோபர்ன் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கடையில் வேலை பார்த்தார்.

அமெரிக்க சுதந்திரப் போரில் இவர் இங்கிலாந்தின் பக்கம் நின்றார். அதனால் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓட நேர்ந்தது.

பின்னர் ஜெர்மனியில், பவேரியா நாட்டில் பெரும் பதவி வகித்தார். மூனிச் நகரப் பிச்சைக்காரர்களுக்கு வேலையும் உணவும் கொடுத்தார். பிரபு பட்டம் கிடைத்தது.

குறை எங்கே?

1795-ல் லண்டன் திரும்பியவர், கணப்பு அடுப்புகளை ஆராய்ந்தார்.

புகை போக்கியின் தொண்டை மிக அகலம். அறையின் வெப்பக் காற்று முழுவதும் அதன் வழியே ஓடிவிட்டது.

தொண்டையை 4 அங்குலமாகக் குறுக்கினார். பின் சுவரை முன்னே கொண்டு வந்தார். பக்கச் சுவர்களைச் சாய்வாகக் கட்டினார். அனல் அறைக்குள் வீசியது. புகை மேலே போயிற்று!

1796-ல் இந்த முறையை நூலாக வெளியிட்டார். பலர் தங்கள் அடுப்புகளை மாற்றிக் கட்டினார்கள்.

மகள் வந்தாள்

மனைவி 1792-ல் இறந்துவிட்டாள். கணவனை அவள் மறுபடி பார்க்கவே இல்லை. 1796-ல் மகள் லண்டன் வந்தாள். அப்போது அவளுக்கு வயது 21.

ரம்போர்டு 1814-ல் பாரிஸ் அருகே காலமானார். அவர் பெயரால் வழங்கும் கணப்பு அடுப்புகள் இன்றும் கட்டப்படுகின்றன.