ஸ்டான்லி ஜோன்ஸ் ஐயரும் ஒளியின் இல்லமும்

உடல் நோயுற்றால் வைத்தியரை நாடுவதற்கு எவரும் நாணுவதில்லை. காய்ச்சல் கண்டவனுக்கு ஊரார் இரங்குவர். கஞ்சியும் கொணர்ந்து கொடுப்பர். உள்ளம் நோயுற்றாலோ, அதனை மறைப்பதே குடும்பத்தாரின் முதற் கவலையாகின்றது. யாம் பிறந்து வளர்ந்த போடிநாயக்கனூரிலும், அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளிலும் இதனைப் பன்முறை கண்டுள்ளோம். பேய் என்பர் சிலர். செய்வினை என்பர் சிலர். நம்மவராகிய கிறிஸ்தவரோ விசுவாசக் குறைவு என்று சொல்லிப் பெருமூச்செறிவர். விசுவாசத்திற் சிறந்தோரும் மனம் தளர்ந்து வீழ்வர் என்பதற்கும், வீழ்ந்தோர் எழுவர் என்பதற்கும் சான்றாய் விளங்கியவர் ஸ்டான்லி ஜோன்ஸ் ஐயர். அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரைவோம்.

ஐயர் 1884-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் அமெரிக்க தேசத்து மேரிலாந்து மாகாணத்திற் பிறந்தார். கென்டக்கி மாகாணத்து ஆஸ்பரி கலாசாலையிற் கற்றுத் தேறி, 1907-இல் மெதடிஸ்டு மிஷனெரியாய் இந்தியா போந்து, லக்னோ நகரில் ஊழியந் தொடங்கினார். 1911-இல் மேபல் லாசிங் அம்மையாரை மணந்தார். இளமையின் ஊக்கமும் ஊழியத்தின் ஆர்வமும் அவரை ஓய்வின்றி உழைக்கச் செய்தன. வெயிலென்றும் மழையென்றும் பாராது உழைத்த எட்டாண்டுகளுக்குள் அவருடைய நரம்புகள் தளர்ந்தன, மூளை களைத்தது, பலமுறை மயங்கி வீழ்ந்தார்.

ஓய்வு கொள்ளுமாறு தாயகத்திற்கு அனுப்பப்பட்ட அவர், கப்பலில் ஞாயிறு ஆராதனை நடத்துகையிலேயே சோர்ந்து விழுந்தார். ஓராண்டு ஓய்ந்து இந்தியாவுக்கு மீளும் வழியில், மணிலாவில் மாணவருக்குக் கூட்டங்கள் நடத்தியபோதும் அந்நிலையே நேர்ந்தது. இந்தியாவை அடைந்தும் மலைவாசம் பயன் தரவில்லை. பிறருக்கு ஆறுதல் கூற வந்தவர் தமக்கே ஆறுதல் காணாது தவித்தார். ஊழியத்தைத் துறந்து ஊர் திரும்பவேண்டுமோ என்னும் நிலையில், லக்னோவில் ஒருநாள் ஜெபிக்கையில், தம் பாரத்தை ஆண்டவர் ஏற்றுக்கொண்டதாக உணர்ந்தார். அந்நாள் முதல் அவர் புதுப்பெலன் பெற்றார்.

அதன்பின் அவர் ஆற்றிய பணி அளவிடற்கரியது. இந்தியப் பாதையின் கிறிஸ்து என்னும் பொருள்படும் அவரது நூல் 1925-இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. 1928-இல் தம்மைப் பிஷப்பாகத் தேர்ந்தெடுத்தபோது, சுவிசேஷகராய் இருப்பதே தம் அழைப்பென்று அப்பதவியைத் துறந்தார். 1930-இல் குமாவோன் மலையிலுள்ள சாத்தாலில் ஆசிரமம் கண்டார். காந்தியடிகளின் நண்பராகிய அவர், அடிகளைப் பற்றி 1948-இல் வெளியிட்ட நூல் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் வழிகாட்டியாயிற்று.

இவையனைத்தினும் எம் உள்ளத்தைக் கவர்வது அவர் 1950-இல் செய்த செயலே. அவ்வாண்டு லக்னோவில் நூர் மன்சில் என்னும் மனநோய் மருத்துவ நிலையத்தை நிறுவினார். ஒளியின் இல்லம் என்பது அப்பெயரின் பொருள். ஈண்டு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஜெபத்தாற் சுகம்பெற்ற ஒருவர், எல்லோரும் ஜெபித்தாற் போதும் என்று கூறியிருக்கலாம், கேட்போரும் நம்பியிருப்பர். அவரோ அங்ஙனம் கூறாது, வைத்தியரையும் அழைத்து, ஜெபத்தையும் வைத்தியத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். தமக்கு நேர்ந்ததையே பிறர்க்கெல்லாம் அளவுகோலாக்காத அடக்கம் இஃதன்றோ!

அந்நாள்வரை நம் நாட்டில் இந்நோயாளருக்கு வாய்த்த இடம் யாது? சென்னையில் 1794-இல் வாலன்டைன் கொனோலி என்னும் அறுவை வைத்தியர் மனநோயாளர் இல்லம் ஒன்றை நடத்தினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்க இல்லம் அமைந்தது. அடைத்துக் காப்பதே அக்காலத்தில் பெரும்பான்மையும் சிகிச்சையாயிருந்தது. 1938-இல் ரோமாபுரியில் மின் அதிர்வுச் சிகிச்சை தோன்றியது. இக்காலத்தில் மயக்க மருந்து கொடாமல் அதனைச் செய்தலாகாதென்பது சட்டம். 1957-இல் சுவிட்சர்லாந்து வைத்தியராகிய ரோலண்டு கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் எழுந்தது. அங்கே நோயாளரோடு உறவினரும் தங்கிச் சிகிச்சையிற் பங்குகொள்வர். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் நால்வகையை வகுத்த வள்ளுவர் கருத்துக்கு இஃது எத்துணைப் பொருத்தம்!

எனினும் இருள் முற்றும் நீங்கவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் மூண்ட தீயில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓடவும் இயலாது நோயாளர் 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுத்துள்ளது.

எம் ஊர்ப்புறத்துத் தாய் ஒருத்தி, விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று ஏலக்காய் எடுப்பவள். ஒரு மழைக்காலத்தில் அவள் வேலைக்குச் செல்வதை விட்டாள், உண்பதை விட்டாள், பேச்சையும் விட்டாள். மந்திரித்தனர்; நேர்ந்துகொண்டனர்; சோம்பேறி என்றும் வைதனர். இவ்வாறே ஈராண்டு கழிந்தபின்னர்தான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். சில வாரங்கள் தங்கி மருந்துண்டு தேறிய அவள், இன்று மீண்டும் மலையேறுகின்றாள். வீணே கழிந்த அவ்வீராண்டை அவளுக்கு யார் திருப்பித் தருவார்? வாடிய ஏலச்செடியை எவரும் வைவதில்லை. நிழலையும் ஈரத்தையும் வேரையும் பார்க்கின்றனர். செடிக்குக் காட்டும் பொறுமையை மானிடர்க்கு மறுப்பது தகுமோ?

ஜோன்ஸ் ஐயர் 1971-ஆம் ஆண்டின் இறுதியில் பக்கவாதத்தாற் பேச்சுக் குன்றிய நிலையிலும் தம் இறுதி நூலைச் சொல்லிப் பதிவுசெய்தார். 1973-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் பரேலி நகரில் இளைப்பாறினார். இளமையில் ஓய்ந்துபோகவிருந்த அவ்வாழ்வு 89 ஆண்டு நீடித்தது.

மாணவ நண்பர்காள்! நம் விடுதியில் ஒருவன் உணவுக்கு வாராது, விளக்கேற்றாது, தனித்திருப்பானாயின், அவனைப் பரிகசித்தலும் அவன் விசுவாசத்தை ஆராய்தலும் நம் கடனல்ல. அருகிருந்து கேட்போம், வைத்தியரிடம் உடன் செல்வோம், அவனுக்காக ஜெபிக்கவும் செய்வோம். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே ஐயர்தம் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.